பேஸ் பேஜ் இளவேனில்

இளவேனிலுக்கு அந்தப் பட்டப்பெயரை வைத்தவர் அவளுடைய முதலாளி அருண்குமார். வைத்தபோது பெருமையாகத்தான் வைத்தார். "நம்ம பேஸ் பேஜ் வந்தாச்சா?" என்று கேட்டுக்கொண்டேதான் ஆபீஸ் படியேறுவார். அதே பேரைப் பல்லைக் கடித்துக்கொண்டு அவர் சொன்ன நாளும் வந்தது. இரண்டுக்கும் நடுவில் பதினாறே நாள். ஒருத்தியின் பேர் கெட்டுப்போக அது தாராளமான அவகாசம்.

நெய்வேலியில் ஒரு ஆளைப் பற்றிக் கேட்கும் முதல் கேள்வி பேரும் இல்லை, ஊரும் இல்லை. "பெர்மனென்டா, கான்ட்ராக்டா?" என்பதுதான். பெண் கேட்டு வருகிறவர்கள் காப்பி ஆறுவதற்குள் அதைக் கேட்டுவிடுவார்கள். இளவேனிலின் அப்பா வைத்திலிங்கம் கான்ட்ராக்ட். கம்மாபுரம் பக்கத்தில் அடுத்தவர் வயலில் கூலிக்குப் போன குடும்பம். சுரங்கத்துக்காக அந்த வயல்கள் போனபோது, வயல்காரர்களுக்காவது சண்டை போட ஒரு பத்திரம் கையில் இருந்தது. இவர்களுக்கு அதுவும் கிடையாது. வைத்திலிங்கம் சுரங்கத்துக்குள் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்துகிற மண்ணையும் நிலக்கரியையும் வாரிப் போடும் வேலைக்குப் போனார். பத்தொன்பது வருஷமாக அதே மண்வெட்டி வேலை. கான்ட்ராக்ட் எடுக்கிற கம்பெனியின் பேர்தான் மாறிக்கொண்டிருந்தது. அம்மா அம்சவல்லி காடாம்புலியூரில் முந்திரி உடைக்கப் போனாள். கொட்டைத் தோட்டின் காரப் பால் பட்டுப் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்துத் தோல் உரிந்து, கைரேகை மெஷினில் வைத்தால் ரேகையே விழாது.

அந்த விரல்கள்தான் இளவேனிலை டிப்ளமோ படிக்க வைத்தன. படித்து முடித்து, மெயின் பஜாரில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே அருண்குமார் நடத்திய நாலு பேர் கம்பெனியில் சேர்ந்தாள். அவள் குடும்பத்தில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்த முதல் ஆள் அவள்தான். முதல் நாள் சாயங்காலம் அம்மா கேட்ட கேள்வி, "ஃபேன் உன் பக்கம் திரும்புதா?" என்பது.

அருண்குமாருக்குக் கிடைத்த பெரிய வேலை, சுரங்கத்தில் மேல்மண் அள்ளுகிற ஒரு கான்ட்ராக்ட் கம்பெனிக்கு வெப்சைட் செய்து கொடுப்பது. ஆட்கள் வரவு, லீவு, பயிற்சி, மருத்துவச் சோதனை எல்லாம் அதற்குள். முக்கியமானது கேட். கம்பெனியின் இரண்டு கேட்டிலும் ஒவ்வொரு கம்ப்யூட்டர் இருக்கும். ஆள் வந்து தன் நம்பரைச் சொல்வான், கிளார்க் தட்டுவார். மேலே பேரும் போட்டோவும் வரும், கடைசியில் ஒரு பட்டை வரும். பட்டை பச்சை என்றால் உடம்பு தகுதி, உள்ளே போகலாம். சிவப்பு என்றால் டாக்டர் நிறுத்தி வைத்திருக்கிறார், திரும்பிப் போக வேண்டியதுதான்.

இப்படி மொத்தம் நூற்றுப்பத்துப் பக்கங்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் அச்சான டெம்ப்ளேட்டிலும் அதே பன்னிரண்டு வரிகள்: இந்த நம்பர்க்காரன் யார், போட்டோ எங்கே, எந்த ஷிப்ட், தகுதி உண்டா. இளவேனிலுக்கு முன்னால் இருந்த பையன் அதை நூற்றுப்பத்து இடத்திலும் நகல் எடுத்து ஒட்டிவிட்டுச் சென்னைக்கு வண்டி ஏறிவிட்டான். 'ஃபிட்' என்ற சொல்லைத் 'தகுதி உண்டு' என்று மாற்றச் சொன்னார்கள் ஒருநாள். இளவேனில் இரண்டு நாள் உட்கார்ந்து மாற்றினாள். நூற்றெட்டு இடத்தில் மாறியது. மீதி இரண்டு இடத்தைக் கண்டுபிடித்துத் திட்டியவர் கம்பெனி மேனேஜர்.

அந்தத் திட்டில்தான் அவளுக்கு ரோஷம் வந்தது. தேடிப் படித்தாள். ஒவ்வொரு டெம்ப்ளேட்டும் ஓடும்போது உள்ளுக்குள் ஒரு கிளாஸாக, அதாவது ஒரு வார்ப்பாக, மாறுகிறது, அதற்கு ஒரு தாய்க் கிளாஸ் இருக்கிறது, அதைத்தான் பேஸ் கிளாஸ், பேஸ் பேஜ் என்கிறார்கள் என்பது தெரிந்தது. வழக்கமாக அந்தத் தாய் ரெடிமேடாக வருகிறது. வேண்டுமானால் நாமே ஒரு தாயை எழுதி வைத்து, "இனிமேல் எல்லாப் பக்கமும் இவள் பிள்ளை" என்று செட்டிங்கில் ஒரே ஒரு வரி போட்டால் போதும். தாயிடம் என்ன இருக்கிறதோ அது நூற்றுப்பத்துப் பக்கத்துக்கும் தானாக வந்துவிடும். இளவேனில் அந்தப் பன்னிரண்டு வரிகளையும் எடுத்துத் தாய்க்குள் வைத்தாள். பக்கங்களில் இருந்த நகலை எல்லாம் அழித்தாள். ஆயிரத்துச் சொச்சம் வரிகள் ஒழிந்தன. வீட்டை ஒழித்துப் பெருக்கி முடித்த நிம்மதி அவளுக்கு. இரண்டு பரோட்டா கூடுதலாகச் சாப்பிட்டாள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் கேட் பக்கம் மெதுவாக வந்தது. சர்வர் பழசு. ஒரே பக்கத்துக்குள் பேருக்கு ஒருதரம், போட்டோவுக்கு ஒருதரம், தகுதிக்கு ஒருதரம் என்று அது மூன்று முறை போய் அதே ஆளைத் தேடிக்கொண்டிருந்தது. இரண்டு மணி ஷிப்டுக்கு ஒன்றே முக்காலுக்குக் கேட் திறக்கும், சங்கு ஊதினால் மூடும். பதினைந்து நிமிஷத்தில் முன்னூறு பேர் உள்ளே போக வேண்டும். சங்குக்கு அப்புறம் நிற்கிற கான்ட்ராக்ட் ஆளுக்கு அன்று ஷிப்ட் கிடையாது. வரிசையில் நின்று திரும்பிப் போவதன் அவமானம் இளவேனிலுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வைத்திலிங்கமும் இப்போது அந்தக் கம்பெனி ஆள்தான், அந்த வரிசையில்தான் நிற்கிறார்.

அதனால் அவள் ஒரு காரியம் செய்தாள். ஆளை ஒருமுறை தேடி எடுத்ததும் தாய்க் கிளாஸில் ஒரு பெட்டியில் போட்டு வைத்தாள். அடுத்த இரண்டு முறையும் அந்தப் பெட்டியிலிருந்தே எடுத்துக்கொள்ளும். அந்தப் பெட்டிக்கு முன்னால் 'ஸ்டாட்டிக்' என்று ஒரு சொல் போட்டாள். எங்கேயோ படித்ததில் அப்படித்தான் போட்டிருந்தது. அந்தச் சொல் இல்லாவிட்டால் ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனிப் பெட்டி. இருந்தால், சர்வருக்கே மொத்தம் ஒரே பெட்டி, எல்லாரும் அதில்தான் கை விட வேண்டும். அவள் மேஜையில் அவள் ஒருத்திதான் தட்டிப் பார்த்தாள். ஒருத்திக்கு ஒரு பெட்டி போதும். அழகாக ஓடியது.

ஜூலை ஏழாம் தேதி, திங்கட்கிழமை, அதைச் சர்வரில் ஏற்றினாள். கேட் பறந்தது. "இப்பல்லாம் சட்டுனு உட்டுடறாங்கம்மா" என்று வைத்திலிங்கம் வீட்டுக்கு வந்து சொன்னார். அருண்குமார் அன்றுதான் பட்டப்பெயர் வைத்தார்.

முதல் கேட்டின் கிளார்க் சக்கரபாணி. வளையமாதேவிக்காரர், நாற்பத்தாறு வயது, பதினான்கு வருஷக் கான்ட்ராக்ட். பெர்மனென்ட் ஆக்குவதற்கான பட்டியலில் அவர் பேர் நாற்பத்தோராவது. அந்த எண்ணை அவர் சாமி பேர் மாதிரி அடிக்கடி சொல்லிக்கொள்வார். கம்ப்யூட்டர் வருவதற்கு முன் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தவர். அப்போதெல்லாம் ஆளின் முகத்தைப் பார்ப்பார், கண்ணைப் பார்ப்பார், "என்னடா தள்ளாடற?" என்று கேட்பார். கம்ப்யூட்டர் பழக்கிவிடப் போன இளவேனில்தான் அவரிடம் சொன்னாள்: "அண்ணே, பச்சைன்னா விடுங்க, சிவப்புன்னா நிறுத்துங்க. நீங்க யோசிக்கவே வேண்டாம்." அந்தக் கடைசி வார்த்தையை அவள் பிற்பாடு எத்தனையோ தடவை நினைத்து நினைத்து வெந்திருக்கிறாள்.

பதினான்காம் தேதி அவர் போன் செய்தார். "இளவேனிலு, ரெண்டு மணி ஷிப்டுல ஒரு தினுசா வருதும்மா. மேல ஒருத்தன் பேரு, கீழ பட்ட மட்டும் செவப்பா வந்துச்சு. அவன் நல்லாத்தான் இருக்கறான். திரும்பத் தட்டுனா பச்ச ஆயிடுச்சு."

இளவேனிலுக்கு அப்போது வேறு ஏதோ அவசரம். தன் கம்ப்யூட்டரில் ஒருமுறை தட்டிப் பார்த்தாள். சரியாக வந்தது. "இங்க நல்லாத்தாண்ணே இருக்குது. அப்படி வந்தா ரீஃப்ரெஷ் பண்ணிக்கோங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

பதினேழாம் தேதி, வியாழக்கிழமை, இரண்டாவது ஷிப்டில் கண்ணையன் என்ற ஆள் சுரங்கத்துக்குள் தலைசுற்றி மண்மேட்டின் சரிவில் உருண்டு விழுந்தான். இடது தொடை எலும்பு இரண்டு துண்டு. வலிப்பு வருகிறது என்று டாக்டர் மூன்று வாரத்துக்கு நிறுத்தி வைத்த ஆள் அவன். தினமும் கேட்டுக்கு வந்து நம்பரைச் சொல்லி, சிவப்பு என்றதும் பேசாமல் திரும்பிப் போய்க்கொண்டிருந்தவன். அன்று மட்டும் உள்ளே போயிருக்கிறான்.

இளவேனில் காதுக்கு, சுரங்கத்தில் யாரோ விழுந்துவிட்டான் என்கிற அளவில்தான் அது வந்தது. சுரங்கத்தில் யாராவது விழுந்துகொண்டுதான் இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை காலையில் வேறு வேலையாகத் தாய்க் கிளாஸைத் திறந்தவள், 'ஸ்டாட்டிக்' என்ற சொல்லைப் பார்த்தாள். சக்கரபாணி போனில் சொன்னது சட்டென்று ஞாபகம் வந்தது. முதல் கேட்டில் ஒருவன் பேரும் போட்டோவும் வந்துகொண்டிருக்கும்போதே இரண்டாவது கேட்டில் அடுத்தவன் நம்பரைத் தட்டினால், பெட்டிக்குள் ஆள் மாறிவிடும். முதல் கேட்டில் மேலே இவன் முகம், கீழே அவன் பட்டை. இரண்டு கேட்டும் ஒரே நேரத்தில் தட்டுவது ஷிப்ட் மாறும் கால்மணி நேரத்தில் மட்டும்தான். அவள் மேஜையில் ஷிப்ட் ஏது? ஒரு சொல்லை அழித்தாள். சர்வரில் ஏற்றினாள். நல்லவேளை, யாரும் பார்ப்பதற்குள் சரிசெய்துவிட்டோம் என்று மூச்சு விட்டாள்.

மத்தியானம் அருண்குமார் வந்து விஷயத்தைச் சொன்னார். சக்கரபாணியைச் சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். கம்ப்யூட்டரில் கண்ணையன் பதிவு சிவப்பாகவே இருக்கிறது, ஒன்றாம் தேதியிலிருந்து மாறவே இல்லை. பட்டையைப் பார்த்து எழுதிச் சக்கரபாணி கையெழுத்துப் போட்ட அன்றைய கேட் நோட்டில் மட்டும் 'தகுதி உண்டு' என்று இருக்கிறது. இரண்டு பேரும் ஒரே ஊர். ஊர்க்காரன் என்று கண்ணை மூடிக்கொண்டு விட்டுவிட்டான் என்று பேச்சு. புதன்கிழமை விசாரணை. அவர் பேர் பட்டியலிலிருந்து போய்விடும், வேலையும் போய்விடும்.

இளவேனில் நடந்ததை எல்லாம் அருண்குமாரிடம் சொன்னாள். அவர் கதவைச் சாத்தினார்.

"இப்ப சரியாத்தான ஓடுது?"

"ஆமா சார். காலைலதான் மாத்துனேன்."

"அப்ப முடிஞ்சுது. யார் வந்து தட்டிப் பாத்தாலும் சரியாத்தான் வரும். பழைய ஃபோல்டர் வச்சிருக்கியா?"

அவர்களிடம் பெரிய ஏற்பாடு எதுவும் கிடையாது. சர்வரில் ஏற்றுகிற ஒவ்வொன்றையும் தேதி போட்டு ஒரு ஃபோல்டரில் நகல் எடுத்து வைப்பாள், அவ்வளவுதான். 'ஜூலை 7' என்ற ஃபோல்டர் அப்படியே இருந்தது.

"அத அழிச்சிடு" என்றார். கெட்ட மனுஷன் இல்லை. நாலு பேர் கம்பெனி, இருப்பது ஒரே பெரிய வேலை, அந்தப் பயம். "நீ நல்லது நினைச்சுத்தான் பண்ண. யாருக்கும் கெடுதல் நினைக்கல. போய்ச் சாப்பிடு."

இளவேனில் அழிக்கவும் இல்லை, சாப்பிடவும் இல்லை. ஃபோல்டரைப் பென்டிரைவில் போட்டுக் கைப்பையின் உள்ஜிப்பில் வைத்துக்கொண்டாள். மனசாட்சியின் வேலை என்று அதைப் பெரிதுபடுத்த வேண்டாம். அந்த நேரத்தில் அது வெறும் பயம். அழித்தால் இன்னும் ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம்.

சனிக்கிழமை மத்தியானம், ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அப்பாவிடம் சொன்னாள். வைத்திலிங்கம் ஒரு காலில் பூட்ஸ் மாட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தார். இன்னொரு பூட்ஸ் கையிலேயே இருந்தது.

"நீ போய்ச் சொன்னா அவனுக்கு வேல திரும்பி வந்துருமா? ரெண்டு பேருக்கும் போவும். பத்தொம்போது வருஷமா பாத்துகினு இருக்கறேன். மாட்டறது எப்பவும் கேட்டுக்கு இந்தப் பக்கம் நிக்கறவன்தான். நீ தப்பிச்சி அந்தாண்ட போயிட்ட. திரும்பி வராத."

அம்சவல்லி சோற்று டப்பாவை மூடுகிற சாக்கில் குனிந்தவள் நிமிரவே இல்லை. அந்தக் கறுத்த விரல்களைப் பார்க்க இளவேனிலுக்குத் தைரியம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வளையமாதேவிக்குப் பஸ் ஏறினாள். எதற்குப் போகிறோம் என்று அவளுக்கே உறுதியாகத் தெரியவில்லை. ஒருவேளை சக்கரபாணி கோபமாகத் திட்டினால், அந்தக் கோபத்தைச் சாக்காக வைத்துக்கொண்டு திரும்பிவிடலாம் என்றுகூட இருந்திருக்கலாம். அவர் திட்டவில்லை. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டார். சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினார். விருத்தாசலத்தில் கண் டாக்டரிடம் பார்த்துவிட்டு வந்த சீட்டு.

"கண்ணுல கோளாறு இல்லியாம்மா. செவப்பு பச்ச எல்லாம் பிரிச்சிப் பாக்குதாம். அப்ப மூளையிலதான் கோளாறு. நான் அன்னிக்கிப் பாத்தது பச்ச. ஆனா இவ்ளோ பேரு செவப்புன்னு சொல்லிகினு இருக்கும்போது, நான் ஒருத்தன் பச்ச பச்சன்னா என்னா அர்த்தம்? ராத்திரியெல்லாம் யோசிச்சிகினு இருந்தேன். நீதான எழுதுன, நீ சொல்லு. அது பச்சையா வர்றதுக்கு ஒரு வழி இருக்குதா, இல்ல எனக்குத்தான் புத்தி பெரண்டு போச்சா?"

இளவேனில் அழுதுவிட்டாள். "பச்சையாத்தாண்ணே வந்துருக்கும். தப்பு உங்க கண்ணுல இல்ல, நான் எழுதுனதுல."

சக்கரபாணி ரொம்ப நேரம் அந்தச் சீட்டை மடித்துக்கொண்டிருந்தார். மடிக்க மடிக்க அது சின்னதாகிக்கொண்டே போயிற்று.

"போன்ல சொன்னனேம்மா" என்றார் கடைசியில். அதற்கு அவர் நாலு அறை விட்டிருக்கலாம்.

புதன்கிழமை காலை பதினொரு மணிக்குக் கான்ட்ராக்ட் கம்பெனியின் ஆபீசில் விசாரணை. தலைமை ஆபீசிலிருந்து வந்த அதிகாரி ஒருவர், மேனேஜர், சக்கரபாணி. சர்வரைப் பற்றிச் சொல்ல அருண்குமார். அவருக்குப் பின்னால், கூப்பிடாமலே வந்து நின்ற இளவேனில். அவள் முன்னால் வந்து நடந்ததைச் சொன்னதும் அருண்குமார் முகம் வெளுத்தது. பிறகு சிவந்தது. "எங்க பேஸ் பேஜுக்கு மனசு சரியில்ல சார், மூணு நாளாத் தூக்கம் இல்ல" என்றார், பல்லுக்கு நடுவில்.

அதிகாரி பொறுமைசாலி. "சொன்னாப் போதாதும்மா. காட்டு" என்றார்.

பென்டிரைவில் இருந்ததை லேப்டாப்பில் போட்டு, இன்னொரு லேப்டாப்பை அதோடு சேர்த்தாள். ஒன்றில் சக்கரபாணி கண்ணையன் நம்பரைத் தட்டினார். இன்னொன்றில் அதிகாரியே வேறு ஒரு நம்பரைத் தட்டினார். சிவப்பு. மறுபடியும் தட்டினார்கள். சிவப்பு. பத்துத் தடவை தட்டினார்கள், பத்துத் தடவையும் ஒழுங்காகச் சிவப்பு. லேப்டாப் புதுசு, போட்டோ கண் மூடித் திறப்பதற்குள் வந்துவிடுகிறது. நடுவில் ஆள் மாற இடமே இல்லை. தன் தப்பு இப்படி நல்லபிள்ளையாக நடிக்கும் என்று இளவேனில் எதிர்பார்க்கவில்லை. இத்தனை நாள் மறைக்கப் பார்த்த தப்பு இப்போது வெளியே வரமாட்டேன் என்கிறது.

"பாத்தீங்களா சார்" என்றார் அருண்குமார். சக்கரபாணி மெல்லச் சொன்னார், "வுடும்மா. போதும்."

"இல்ல சார்" என்றாள் இளவேனில். "இது இங்க வராது. அந்தப் பழைய சர்வர்ல, கேட்லதான் வரும். ரெண்டு மணி ஷிப்டுக்குப் பழையதத் திரும்ப ஏத்தறேன். கால் மணி நேரம் மட்டும். அதுவரைக்கும் டாக்டர் நிறுத்தி வெச்சவங்க பேர நோட்டுல எழுதி, ஆளுங்கள அதப் பாத்து விடட்டும், கம்ப்யூட்டரப் பாத்து யாரையும் விட வேண்டாம். தப்பு வரலைன்னா என் மேல என்ன வேணும்னாலும் எழுதிக்கோங்க."

"தெரிஞ்சே தப்பை ஏத்தப் போறியா?" என்றார் மேனேஜர்.

"ஆமா சார்."

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தார்.

ஒன்றே முக்காலுக்குச் சக்கரபாணி தன் பழைய நாற்காலியில் உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் அதிகாரி, மேனேஜர், அருண்குமார், இளவேனில். இரண்டாவது கேட்டில் வழக்கம்போல வரிசை நகர்ந்தது. அங்கே நோட்டைப் பார்த்து விட்டாலும், ஒவ்வொருவன் நம்பரையும் தட்டினார்கள். இங்கே சக்கரபாணி ஒரே நம்பரைத் திரும்பத் திரும்பத் தட்டினார். கண்ணையன் நம்பர் அவருக்கு மனப்பாடமாகிவிட்டது. முதல் தடவை, கண்ணையன் முகம், சிவப்பு. இரண்டாவது, சிவப்பு. மூன்றாவது, சிவப்பு. ஏழாவதும் சிவப்பு. முதல் கேட்டில் நோட்டைப் பார்த்து விடப்பட்ட வரிசையில் நின்ற ஆட்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். வைத்திலிங்கம் அங்கேதான் நின்றார். மகளைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். சங்குக்கு நாலு நிமிஷம் இருந்தது. ஒரு தப்பு நடக்க வேண்டும் என்று இளவேனில் வாழ்க்கையில் முதல்முறையாகச் சாமியை வேண்டிக்கொண்டாள்.

பன்னிரண்டாவது தடவை மேலே கண்ணையன் பேர் வந்தது. போட்டோ பாதி வந்து கொஞ்சம் நின்றது, பிறகு முழுசாக வந்தது. கீழே பட்டை பச்சை.

அதிகாரி குனிந்து மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். போனை எடுத்து ஒரு படம் பிடித்தார். சக்கரபாணி மட்டும் திரையைப் பார்க்கவில்லை. இரண்டு கையையும் முகத்தில் பொத்திக்கொண்டு, "பச்ச சார். பச்சதான் சார். நான் சொன்னன் இல்ல" என்று அழுதுகொண்டிருந்தார்.

சங்கு ஊதுவதற்குள் இளவேனில் அந்தச் சொல்லை மறுபடியும் எடுத்துவிட்டாள்.

சக்கரபாணிக்கு வேலை திரும்பக் கிடைத்தது, நாற்பத்தோராவது இடமும் கிடைத்தது. விசாரணை அறிக்கையில், தவறு வெப்சைட் எழுதியவருடையது, அவரை இந்த வேலையிலிருந்து விலக்க வேண்டும் என்று ஒரு வரி எழுதியிருந்தார்கள். அருண்குமாருக்கு அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது. இளவேனில் நாற்காலியை விட்டு எழுந்து, தன் டப்பாவை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். ஐந்து மாசம் வீட்டில் இருந்தாள். பிறகு புதுச்சேரியில் ஒரு கம்பெனியில் சேர்ந்தாள். அங்கேயும் பேஸ் கிளாஸ்தான் எழுதுகிறாள். அது கெட்ட வழி இல்லை, நல்ல வழிதான். ஆனால் இரண்டு கம்ப்யூட்டரில் ஒரே நேரத்தில் தட்டிப் பார்க்காமல் எதையும் ஏற்ற விடமாட்டாள். அங்கே இருப்பவர்களுக்கு அது ஒரு பைத்தியம் என்றுதான் தெரியும்.

அதெல்லாம் பின்னால் நடந்தது. விசாரணை முடிந்த மறுநாள் அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே போக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

கண்ணையன் காலில் கட்டுப் போட்டு, எடை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். மெலிந்த ஆள், முப்பத்தைந்து வயது இருக்கும். அவன் மனைவி ஆதிலட்சுமி பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தாள். இளவேனில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். பச்சை வந்தது எப்படி என்று சொன்னாள். தன் மேல்தான் தப்பு என்று சொன்னாள். அவன் கோபப்பட்டுக் கத்துவான் என்று நினைத்துத் தயாராகத்தான் நின்றாள்.

கண்ணையன் கத்தவில்லை. புரியாதவன் போல ஆதிலட்சுமியைப் பார்த்தான், பிறகு இவளைப் பார்த்தான்.

"அன்னிக்கி சக்கரபாணி அண்ணன் பச்சன்னு சொன்னதும், அப்பிடியே நின்னுட்டேங்க. டாக்டரு பேர எடுத்துட்டாருன்னு நெனச்சிகினேன். உள்ள எறங்கறதுக்கு முன்னாடி வூட்டுக்குப் போன் பண்ணி, எனக்குச் சரியாயிடுச்சுடின்னு இவகிட்ட சொன்னேன். இவ அழுதா." கட்டுப் போட்ட காலைப் பார்த்தான். "விழுந்த பொறவும் அதயேதான் நெனச்சிகினு கெடந்தேன். காலுதான ஒடஞ்சிச்சு, அது கூடிடும், வலிப்பு போச்சு இல்லன்னு."

ஆதிலட்சுமியின் கை சாத்துக்குடியோடு அப்படியே நின்றுவிட்டது.

"அப்ப அது என்னுது இல்லியாம்மா?" என்று கேட்டான் கண்ணையன். "யாரோட பச்ச அது?"

இளவேனிலுக்குத் தெரியவில்லை. அந்த நொடியில் இரண்டாவது கேட்டில் நின்றது யார் என்று எங்கேயும் பதிவாகியிருக்கவில்லை. தெரியாது என்றுதான் சொன்னாள்.